கறிக்கடையில் என்ன பார்க்கணும்?



குழுக் கூட்டத்தில் அரிசி விலை பேசுகிறோம், எண்ணெய் விலை பேசுகிறோம். கறியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆனால் வீட்டுச் செலவில் ஒரே மூச்சில் கையை விட்டுப் போகிற பெரிய தொகை ஞாயிற்றுக்கிழமை கறிக்குத்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26-ம் ஆண்டு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். இரண்டு நாள் கூலியை ஒன்றாகச் சேர்த்து நீட்டினாலும் ஒரு கிலோ ஆட்டுக்கறி கைக்கு வராது. இவ்வளவு பணம் போட்டு வாங்குகிற பொருளை நாம் எப்படி வாங்குகிறோம்? கத்தரிக்காயை நாலு தடவை புரட்டிப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற நாம், கறிக்கடையில் "அரை கிலோ போடு பாய்" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பல வீடுகளில் கறி எடுக்கப் போவது ஆம்பளைங்க வேலை. அவர்கள் கொண்டுவந்து போட்டதை நாம் கழுவிச் சமைக்கிறோம், அவ்வளவுதான்.

நல்ல கறிக்கடை என்றால் எது? பெரிய போர்டு வைத்த கடையா, விலை குறைவான கடையா, கூட்டம் நிற்கிற கடையா? நம் அனுபவத்தில் இதற்கு ஒரே ஒரு அடையாளம்தான். எந்தக் கடையில் ஆட்டையும் கோழியையும் உயிரோடு பார்க்க முடிகிறதோ, எப்போது அறுத்தது என்று கேட்டால் மூஞ்சியைச் சுளிக்காமல் பதில் வருகிறதோ, தராசு நம் பக்கம் திரும்பி இருக்கிறதோ, அதுதான் நல்ல கடை. மறைக்க ஒன்றும் இல்லாத கடைக்காரர் கேள்விக்குப் பயப்பட மாட்டார்.

எழும்பூரில் நடந்தது

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த கறி பிடிபட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுமார் 2,000 கிலோ. வால் நீளமாக இருக்கிறது, இது நாய்க்கறி என்று யாரோ கிளப்பிவிட, செல்போனில் ஊரெல்லாம் பரவியது. பிரியாணிக் கடைகள் படுத்துவிட்டன. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்தார்கள். அது ஆட்டுக்கறிதான். ராஜஸ்தான் பக்கத்து ஆட்டுக்கு வால் நீளம், அதுதான் விஷயம்.

நாய்க்கறி இல்லை என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. வடக்கே எங்கோ அறுத்த ஆடு, ஐஸ் உருகிப் போகிற பெட்டியில், நம் தட்டுக்கு வர எத்தனை நாள் ஆச்சு? எந்த மிருகம் என்பதைவிட எப்போது அறுத்தது, எப்படி வைத்திருந்தது என்பதுதான் வயிற்றுக்கு முக்கியம். பக்கத்துத் தெருக் கடையில், நாம் பார்க்க வளர்ந்த ஆட்டை வெட்டி வாங்கினால் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

இதிலே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னைச் சிவப்பு என்று சொல்கிற செம்மறி இனம் நம் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சொந்த இனம். பழுப்புச் சிவப்பு நிறம், மயிர் குட்டையாக இருக்கும், கம்பளிக்கு ஆகாது, கறிக்கு நல்லது. அறுவடை முடிந்த வயலில் மேய்வது பெரும்பாலும் இதுதான். "வெள்ளாடுதான் வேணும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. இளசாக இருந்தால் இரண்டும் நல்ல கறியே. ஆனால் வெள்ளாடு என்று சொல்லி வெள்ளாட்டு விலை வாங்கினால் வெள்ளாடுதான் தரணும். தொங்குகிற உடலில் வாலை விட்டு வைத்திருந்தால் சுலபம்: வெள்ளாட்டு வால் குட்டையாக, மேல்நோக்கி இருக்கும், செம்மறி வால் கீழே தொங்கும். வாலை வெட்டிவிட்டிருந்தால் கொழுப்பைப் பாருங்கள். செம்மறிக்கு முதுகுமேலேயே கொழுப்புப் படர்ந்திருக்கும். வெள்ளாட்டுக்கு மேல்கொழுப்பு குறைவு, உள்ளே குண்டிக்காயைச் சுற்றித்தான் அதிகம்.

போக வேண்டிய நேரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும், கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் பக்கமும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கறிக்கடையில் கூட்டம். கம்பெனி லீவு நாள், வட மாநிலத் தொழிலாளிகளும் வரிசையில் நிற்பார்கள். கூட்டத்தில் நின்று வாங்குவது சலிப்புதான். ஆனாலும் அந்த நேரத்துக் கறிதான் நல்ல கறி, ஏனென்றால் வந்த ஆடு தங்குவதில்லை. எட்டு ஆட்டையும் விடியற்காலையிலேயே அறுத்துத் தொங்கவிட்டு மதியம் வரை விற்கிற கடையும் உண்டு. ஒன்று தீர்ந்தபின் அடுத்ததை அறுக்கிற கடையும் உண்டு. இரண்டாவது கடையைத் தேடுங்கள்.

நம் மாவட்டத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் திருத்தணி வெயில் அடிக்கடி பேப்பரில் வருகிறது. சூடான இடத்தில் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகப் பெருகக் கூடியது. வெயில் காலத்தில் அறுத்த கறி வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கெடத் தொடங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பதினோரு மணிக்குமேல் ஜி.என்.டி. ரோட்டு ஓரம் லாரிப் புழுதியில் தொங்குகிற கறியை "கிலோவுக்கு நூறு ரூபாய் குறைச்சுத் தரேன்" என்றாலும் வேண்டாம் என்று வந்துவிடுவது நல்லது.

கறியைத் தொட்டுப் பார்க்கக் கடைக்காரர் விட மாட்டார், அது சரிதான், பத்துப் பேர் கை படக்கூடாது. கண்ணாலேயே நிறையத் தெரியும். இளங்கறி இளஞ்சிவப்பாக, லேசான பளபளப்போடு இருக்கும். முற்றிய ஆட்டுக் கறி கருஞ்சிவப்பு, நார் தடித்திருக்கும். கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்கணும். மஞ்சளாகி வழவழவென்றிருந்தால் ஆடு கிழடு, இல்லை கறி பழசு. நம் பங்கைக் கையில் வாங்கியபின் விரலால் அழுத்துங்கள். குழி உடனே மேலே வந்தால் புதுக்கறி, குழி அப்படியே நின்றாலோ விரலில் பசை ஒட்டினாலோ பழையது. தண்ணீர் ஊறிய கறி பாத்திரத்தின் அடியில் சிவப்புத் தண்ணீரைத் தேக்கிவிடும். அந்தத் தண்ணீருக்கும் நாம்தான் காசு கொடுத்திருப்போம்.

கடையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வெட்டுகிற கட்டை வெடித்து, வெடிப்பில் நேற்றைய கறி அப்பியிருக்கிறதா? குடலை எங்கே போடுகிறார்? கழிவைத் தெரு நாய்க்கு வீசுகிற கடை எவ்வளவு நல்ல கறி தந்தாலும் நமக்கு வேண்டாம். ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். அது ஒரு புழுவின் கூடு. அதை நாய் தின்றால் நாய் வயிற்றில் புழு வளர்ந்து, அதன் மலம் வழியாக முட்டை நம் பிள்ளைகள் விளையாடுகிற மண்ணுக்கு வரும். அங்கிருந்து பிள்ளைகள் வயிற்றுக்குப் போய், ஈரலில் அதே கட்டி. ஏரிக்கரை ஈரத்தில் மேய்ந்த ஆட்டு ஈரலில் இலை மாதிரித் தட்டைப் புழு இருப்பதும் உண்டு. நல்ல கடைக்காரர் அப்படிப்பட்ட ஈரலைத் தானே ஒதுக்கிப் புதைத்துவிடுவார். "ஈரலைக் காட்டுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

நகராட்சி ஆட்டுத்தொட்டியில் அறுத்த ஆட்டில் பரிசோதனை முத்திரை இருக்கும். நம் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலும் கடைக்குப் பின்னாலேயே அறுக்கிறார்கள், முத்திரை கிடையாது. ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த சான்று, 14 இலக்க எண்ணோடு, சின்னக் கடையிலும் மாட்டியிருக்கணும். அது இருந்துவிட்டால் கறி நல்லது என்று அர்த்தமில்லை. நாளைக்கு ஒரு புகார் என்றால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான்.

செத்த ஆட்டுக்கறி

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் யாருடைய ஆடோ திடீரென்று செத்துப்போகும். "புதைச்சா நஷ்டம், கூறு நூறு ரூபாய்" என்று வீட்டு வாசலுக்கே வரும். ரோட்டில் லாரி அடித்த ஆடும் அப்படியே வருவதுண்டு. கஷ்டப்படுகிற வீட்டில் நூறு ரூபாய்க்குக் கறி என்றால் ஆசை வராதா? வரும்தான்.

அறுத்த ஆட்டில் ரத்தம் முழுக்க வடிந்துவிடும். பாய் கடையில் ஹலால் முறையில் அறுத்து ரத்தத்தை ஓடவிடுவதிலும் இந்த நன்மை இருக்கிறது. தானாகச் செத்த ஆட்டில் ரத்தம் உள்ளேயே தங்கும். கறி கறுத்துப்போய், கொழுப்பிலே கூட ரத்தம் ஏறி, சின்ன நரம்பெல்லாம் ரத்தம் கட்டி நீலமாகத் தெரியும். அந்தக் கறி சீக்கிரம் நாறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அடைப்பான் நோய். ஆந்திராவில் அரக்குப் பக்கமும், ஒடிசாவில் கோராபுட் பக்கமும் செத்த ஆடு மாட்டை வெட்டிப் பங்கு போட்டவர்களுக்கு இந்த நோய் பலமுறை வந்திருக்கிறது. நன்றாக இருந்த ஆடு சட்டென்று விழுந்து செத்துவிடும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் வரும், அது உறையாது. வயிறு சீக்கிரமே ஊதிவிடும். இந்தக் கிருமியின் வித்து, சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் சாகாது. மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். சாப்பிட்டவருக்கு மட்டுமல்ல, உரித்தவருக்கும் கழுவியவருக்கும் வரும். முதலில் கொசுக்கடி போல அரிப்பு, பிறகு கொப்புளம், நடுவில் கறுத்த புண். அந்தப் புண் வலிக்காது, அதனால்தான் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தில் குணமாகும்.

அப்படிச் செத்த ஆட்டை அறுக்கவும் கூடாது, உரிக்கவும் கூடாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-க்குப் போன் செய்யுங்கள். அவர்கள் சொல்கிறபடி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். இதற்குத் தடுப்பூசி ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையத்திலேயே தயாராகிறது. ஆடு வளர்க்கிற உறுப்பினர்கள் தங்கள் பகுதியில் போட வேண்டுமா என்று கால்நடை டாக்டரைக் கேட்டு வையுங்கள்.

கோழிக்கடை

ஆட்டுக்கறி மாதம் ஒரு முறை என்றால் கோழி வாரா வாரம். கோழிக்கடையில் கவனிக்க வேண்டியது இரண்டுதான்: கோழி உயிரோடு இருந்ததா, எடை சரியா.

கூண்டுக்குள் துள்ளுகிற கோழியை நாமே கைகாட்டணும். இறகு உப்பிக் கழுத்தைத் தொங்கப்போட்ட கோழி, மூக்கில் சளி வடிகிற கோழி வேண்டாம். ஏற்கெனவே உரித்து வைத்த கோழி கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால் அதன் தோலைப் பாருங்கள். நீலம் பாய்ந்து, இறக்கை நுனி கறுத்திருந்தால் அது கூண்டிலேயே செத்த கோழியாக இருக்கலாம்.

எடைக்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கிலோ உயிர்க் கோழியைத் தோலோடு சுத்தம் செய்தால் சுமார் 1 கிலோ 400 கிராம், தோல் உரித்தால் சுமார் 1 கிலோ 300 கிராம் வரும். கடை போர்டில் உயிர்க் கோழி விலை ஒன்றும் கறி விலை ஒன்றும் எழுதியிருப்பார்கள். உயிர் விலை 120 என்றால் உரித்த கறி 185 அளவில் இருப்பது நியாயம். சுருக்கமாக, ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கு போட்டிருந்தால் "ஏங்க இவ்வளவு?" என்று கேளுங்கள். பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் உள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, பேப்பரில் வரும். அங்கே விலை இறங்கி ஒரு வாரம் ஆகியும் நம் கடையில் இறங்கவில்லை என்றால் அதையும் கேட்கலாம்.

"பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளக்கறாங்க, பொண்ணுங்க சாப்பிடக் கூடாது" என்று கூட்டத்தில் அடிக்கடி கேட்கிறோம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது அந்த இனத்தாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் அல்ல. ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? கவலைப்பட வேண்டியது கிருமிக்கொல்லி மருந்தைத் தீவனத்தில் அளவில்லாமல் கலப்பதைப் பற்றித்தான். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல் தடை செய்தது அதனால்தான்.

2024 பிப்ரவரியில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதால் நம் பக்கம் பயம் அதிகம். எலும்பு வரை நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி இருக்காது, 70 டிகிரிச் சூட்டில் செத்துவிடும். ஆனால் நோய் வந்த கோழியைத் தொடுவது, உரிப்பது ஆபத்து. வீட்டுக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தால் அதற்கும் 1962-தான்.

மாட்டுக்கறி, பன்றிக்கறி வாங்குகிற வீடுகளுக்கும் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். பன்றிக்கறியில் அரிசி மணி போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது நாடாப்புழுக் கூடு, வாங்க வேண்டாம். இரண்டையும் அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது.

தராசு சந்தேகமாக இருந்தால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், "இதை ஒரு தடவை போடுங்கண்ணே" என்று கேளுங்கள். கவர் எடைக்குச் சில கிராம் கூடக் காட்டலாம், ரொம்ப வித்தியாசம் வரக்கூடாது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறை முத்திரை போட்டிருக்கணும். பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. தூக்குவாளி எடுத்துப் போங்கள், கறி கசியாமலும் வரும்.

என்ன கேட்டு வாங்குவது?

"நல்ல கறியா போடுங்க" என்றால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. என்ன சமைக்கப் போகிறோம் என்று சொல்லணும். குழம்புக்கு நெஞ்செலும்பும் முன்னங்கால் கறியும் கலந்து, வறுவலுக்குத் தொடைக்கறி, பல் இல்லாத மாமியாருக்குக் கொத்துக்கறி, பிள்ளை பெற்றவளுக்கு சூப்பு வைக்க ஆட்டுக்கால். எலும்பு எவ்வளவு, கறி எவ்வளவு என்று வெட்டுவதற்கு முன்னாடியே பேசிவிடுங்கள். வெட்டியபின் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

ரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு ஒன்று சொல்கிறோம். விலை உயர்ந்த தொடைக்கறியைவிடச் சுவரொட்டி மேல். ஆட்டு மண்ணீரலில் ஈரலைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து இருக்கிறது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு சாப்பிடணும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். எதுவானாலும் நன்றாக வேகணும்.

இப்படிச் சொல்லி வைப்பதற்கு ஒரே கடைக்குப் போகணும். வாரம் ஒரு கடை என்று மாறினால் எந்தக் கடைக்காரருக்கும் நம் முகம் தெரியாது. "அக்கா, இன்னைக்கு ஆடு முத்தல், கோழி எடுத்துட்டுப் போங்க" என்று தன் வியாபாரத்தையே விட்டுச் சொல்கிற கடைக்காரர்கள் உண்டு. அது பழகிய முகத்துக்குத்தான் கிடைக்கும். கெட்ட கறி வந்துவிட்டால் முதலில் அவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாற்றித் தருகிறாரா, மிரட்டுகிறாரா என்று பார்த்தால் ஆளைத் தெரிந்துவிடும். மிரட்டினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படத்தோடு புகார் அனுப்பலாம்.

திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கறிக்கடை மூடணும் என்பது அரசு உத்தரவு. மாட்டுப் பொங்கலன்றே திருவள்ளுவர் தினமும் வருவதால் நம் வீடுகளில் அன்றுதான் திண்டாட்டம். அன்று பின்வாசல் வழியாக வருகிற கறி எப்போது அறுத்தது என்று யாருக்கும் தெரியாது.

குழுவாக ஒரு கிடா

தீபாவளிக்கும் ஆடி மாதக் கூழுக்கும் நம் ஊர்களில் பத்து வீடு சேர்ந்து ஒரு கிடா வாங்கிக் கூறு போடுவது பழைய வழக்கம். குழுவாகச் செய்தால் இன்னும் ஒழுங்காக நடக்கும். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். எல்லாம் பால் பல் என்றால் ஒரு வயதுக்குள். முன்னால் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒரு வயது தாண்டியது. அதுவரைதான் கறிக்கு இளசு. நாலு பல், ஆறு பல் என்றால் கிடா முற்றியது, விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி தேறும். கணக்குக்காக உயிர் எடை கிலோ 400 என்று வைப்போம். 20 கிலோ கிடா 8,000 ரூபாய், அறுத்துச் சுத்தம் செய்யக் கூலி 500. தலையையும் காலையும் உறுப்பினர் ஒருவர் 700-க்கு எடுத்துக்கொண்டால் மீதி 7,800. பத்துக் கூறு போட்டால் ஆளுக்கு 780 ரூபாய். அதற்குச் சுமார் 900 கிராம் கறி, கூடவே ஈரலிலும் குடலிலும் ஒரு பங்கு. கடை விலையோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் இல்லை, மலிவு என்று நினைத்து இறங்காதீர்கள். எந்த ஆடு, எப்போது அறுத்தது, எவ்வளவு எடை என்று மூன்றும் கண்முன்னே தெரியும், அதுதான் இதில் கிடைப்பது. அறுப்பதற்குத் தெரிந்த கடைக்காரரையே கூப்பிடுங்கள். தோலை அவருக்கா நமக்கா என்று முன்பே பேசி, பணத்தை முதல் நாளே வசூலித்துவிடுங்கள். கடன் சொல்லிக் கூறு எடுத்தால் அடுத்த கூட்டம் கறியைப் பற்றியே போய்விடும்.

அந்தக் கிடாவை நம் குழுவில் வளர்ப்பவரிடமே வாங்கலாமே! 2011 செப்டம்பரில் இலவச ஆடு, கறவை மாடு திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. குடும்பத்துக்கு நாலு ஆடு. அதற்குப் பிறகும் குழுக் கடனில் ஆடு வாங்கியவர்கள் நம்மில் நிறைய. ஆனால் விற்கும்போது வியாபாரி வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "பதினாலு கிலோதான்மா" என்று கண் மதிப்பில் விலை சொல்கிறார். தொங்கு தராசில் மாட்டினால் பதினேழு வரும். கிலோ 400 என்றால் அந்த மூன்று கிலோ 1,200 ரூபாய். கூட்டமைப்புக்கு ஒரு தொங்கு தராசு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். நம் ஊர்க் கறிக்கடைக்காரரையும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு அரைமணி நேரம் கூப்பிட்டு உட்கார வைத்தால், வாரத்துக்கு எத்தனை ஆடு அவருக்குத் தேவை, எந்த எடையில் தேவை என்று அவரிடமே கேட்டுவிடலாம்.